திரும்பி வந்தவரை எப்படிப் பார்க்கிறோம்?

(ஆசிரியர்களுக்கான திரைப்படக் கலந்துரையாடல் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் இரண்டாம் உலகப்போர் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறோம். 1939-இல் ஜெர்மனி போலந்தின் மீது படையெடுத்தது, 1941-இல் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது, 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி மீது அணுகுண்டு வீசப்பட்டது, ஜப்பான் சரணடைந்தது. அதன்பின் ஐக்கிய நாடுகள் சபைக்குப் போய்விடுகிறோம். போருக்குப் போனவர்கள் வீட்டுக்குத் திரும்பிய கதை எந்தப் பாடத்திலும் வருவதில்லை. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படைகளில் மட்டும் சுமார் 1 கோடியே 60 லட்சம் பேர் பணியாற்றினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் உயிரோடு ஊர் திரும்பினார்கள். ஊர் அவர்களை எப்படி ஏற்றுக்கொண்டது என்பதுதான் நாம் பேசவிருக்கும் படத்தின் கதை.

படத்தின் பெயர் 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்'. 'நம் வாழ்வின் மிகச்சிறந்த ஆண்டுகள்' என்று தமிழில் சொல்லலாம். 1946-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும். இயக்கியவர் வில்லியம் வைலர், தயாரித்தவர் சாமுவேல் கோல்ட்வின், திரைக்கதை எழுதியவர் ராபர்ட் ஷெர்வுட். போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அப்போது திரையரங்கில் உட்கார்ந்து படம் பார்த்தவர்களின் வீடுகளிலும் அப்படித் திரும்பி வந்த ஒருவர் இருந்திருப்பார்.

இயக்குநர் வைலரும் போரிலிருந்து திரும்பியவர்தான். அமெரிக்க வான்படைக்காக ஆவணப்படங்கள் எடுத்தவர். குண்டுவீச்சு விமானங்களில் பறந்து படம்பிடித்தபோது ஒரு காதின் கேட்கும் திறனை இழந்தார். போரைப் பற்றி முழக்கமிட அவருக்குத் தேவை இருக்கவில்லை. மூன்று மணி நேரப் படத்தில் ஒரு போர்க்காட்சிகூட இல்லை.

மூன்று பேர், ஒரே ஊர்

கதை எளிமையானது. பூன் சிட்டி என்ற கற்பனை ஊருக்கு மூன்று பேர் ஒரே இராணுவ விமானத்தில் திரும்புகிறார்கள். மூவருக்கும் முன்பின் அறிமுகம் இல்லை.

முதலாமவர் ஆல் ஸ்டீஃபன்சன். நடுத்தர வயது, தரைப்படையில் சார்ஜன்ட். போருக்கு முன் வங்கி அதிகாரி. மனைவி, மகள், மகன் என நல்ல வசதியான குடும்பம். இரண்டாமவர் ஃப்ரெட் டெர்ரி. விமானத்திலிருந்து குறிபார்த்துக் குண்டு வீசியவர், பதவியில் கேப்டன், வீரப் பதக்கம் பெற்றவர். போருக்கு முன் ஒரு மருந்துக்கடையில் சோடாவும் ஐஸ்கிரீமும் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் ஹோமர் பாரிஷ். கடற்படை வீரர், சிறுவயதுப் பையன் என்றே சொல்லலாம். கப்பல் தாக்கப்பட்டபோது இரண்டு கைகளையும் இழந்தவர். கைகள் இருந்த இடத்தில் எஃகுக் கொக்கிகள். தோளோடு பிணைத்த வார்களின் உதவியால் அவற்றை இயக்குகிறார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். படையில் கேப்டனாக இருந்தவர் ஊரில் கடைச் சிப்பந்தி. படையில் அவருக்குக் கீழ்ப்பட்ட சார்ஜன்ட் ஊரில் வங்கி அதிகாரி. சீருடையைக் கழற்றியதும் மேல் கீழாகிறது, கீழ் மேலாகிறது. நான்கு ஆண்டுகள் உயிரைப் பணயம் வைத்துக் கற்றுக்கொண்ட எதற்கும் ஊரில் மதிப்பெண் இல்லை.

ஹோமராக நடித்த ஹெரால்டு ரஸ்ஸல் தொழில்முறை நடிகர் அல்லர். இராணுவத்தில் பயிற்றுநராக இருந்தவர். 1944 ஜூன் 6 அன்று, வடக்கு கரோலினாவில் ஒரு பயிற்சி முகாமில் வெடிபொருள் கையிலேயே வெடித்ததில் இரு கைகளையும் இழந்தார். அதே நாளில்தான் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கின. உலகம் முழுக்க நார்மண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாளில், போர்க்களத்தில் இல்லாத ஒருவரின் வாழ்க்கை மாறிப்போனது. காயமடைந்த வீரர்களுக்காக இராணுவம் எடுத்த ஒரு குறும்படத்தில் அவர் நடித்திருந்தார். அதைப் பார்த்த வைலர் அவரைத் தேர்ந்தெடுத்தார். தயாரிப்பாளர் அவரை நடிப்புப் பயிற்சிக்கு அனுப்பியது தெரிந்ததும், பயிற்சி வேண்டாம் என்று வைலர் நிறுத்திவிட்டார். படத்தில் நாம் பார்க்கும் கொக்கிகள் அவருடைய சொந்தக் கொக்கிகள். தீக்குச்சியைக் கிழிப்பதும், கையெழுத்துப் போடுவதும், பியானோ வாசிப்பதும் தந்திரக்காட்சிகள் அல்ல.

இரண்டு பார்வைகள்

விமானத்தில் மூவரும் சேர்ந்து வரும்வரை ஹோமருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. கொக்கியால் தீக்குச்சி கிழித்து மற்றவர்களின் சிகரெட்டைப் பற்றவைத்துச் சிரிக்கிறார். ஊருக்குள் நுழைந்து வாடகைக் கார் அவர் வீட்டு வாசலில் நின்றதும் பயம் வந்துவிடுகிறது. இறங்க மனமில்லை. வீட்டார் ஓடிவருகிறார்கள். அடுத்த வீட்டுப் பெண் வில்மா, அவர் மணந்துகொள்வதாக இருந்த பெண், ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். ஹோமர் கைகளைத் தொங்கவிட்டபடி விறைத்து நிற்கிறார். காரில் இருக்கும் நண்பர்களுக்கு விடைகொடுக்கக் கொக்கியை உயர்த்தி அசைக்கும்போதுதான் அம்மா அதை முதன்முதலாகப் பார்க்கிறார். அவரையும் அறியாமல் ஒரு விம்மல் வெளிப்பட்டுவிடுகிறது.

காரில் போகிறபோது மற்ற இருவரும் பேசிக்கொள்வதன் சாரம் இது: கொக்கியைக் கையாளக் கடற்படை அவனுக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறது, ஆனால் தன் பெண்ணை அணைத்துக்கொள்ளவோ அவள் தலைமுடியைக் கோதவோ கற்றுக்கொடுக்க யாராலும் முடியாது.

அன்று மாலை உறவினர்கள் கூடியிருக்கும் அறையில் ஹோமரால் உட்கார முடியவில்லை. எழுந்து தன் மாமா புட்ச் நடத்தும் மதுக்கடைக்குப் போய்விடுகிறார். அங்கே அவர் சொல்லும் குறைதான் இந்தப் படத்தின் மையம் என்று நினைக்கிறேன். வீட்டில் எல்லாரும் ஒன்று கொக்கிகளையே உற்றுப் பார்க்கிறார்கள், இல்லையென்றால் அவற்றைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுகிறார்கள் என்கிறார்.

இதில் யாருமே கெட்டவர்கள் இல்லை. அம்மா பாசத்தால் விம்முகிறார். அப்பா பாசத்தால் பேச்சை மாற்றுகிறார். ஆனால் உற்றுப் பார்க்கும் பார்வை 'நீ வேறு மாதிரி ஆகிவிட்டாய்' என்கிறது. விலகிக்கொள்ளும் பார்வை 'உனக்கு நடந்தது பார்க்கக்கூடாத ஒன்று' என்கிறது. இரண்டுமே ஹோமரைத் தனியாக நிறுத்துகின்றன.

நம் பள்ளிகளுக்குள்ளும் இந்த இரண்டு பார்வைகள் உண்டு. நீண்டநாள் சிகிச்சைக்குப் பிறகு மொட்டைத் தலையோடு வரும் குழந்தை, அப்பாவை இழந்து பதினைந்து நாள் கழித்து வரும் பிள்ளை, சில மாதங்கள் வேலைக்குப் போய்விட்டு மீண்டும் சேர்க்கப்படும் மாணவன் என்று ஆண்டுதோறும் யாராவது திரும்பி வருகிறார்கள். வந்த முதல் நாள் வகுப்பே திரும்பிப் பார்க்கும். அல்லது 'அவன்கிட்ட எதுவும் கேட்காதீங்க' என்று நாம் சொல்லிவைத்ததால் யாருமே பார்க்காமல் இருப்பார்கள். வருகைப் பதிவேட்டில் அன்று 'வந்தார்' என்று குறித்துவிடுகிறோம். அந்தப் பிள்ளை உண்மையாகவே வந்து சேர இன்னும் எத்தனை நாள் ஆகும் என்பது பதிவேட்டில் வராது.

மூன்றாவது பார்வை

இந்த இரண்டையும் தாண்டிய ஒரு பார்வையை வைலர் காட்டுகிறார். படத்தின் பிற்பகுதியில் வரும் காட்சி அது. தன்னை மணந்துகொள்ள வில்மா உறுதியாக இருக்கிறாள். அவளுக்கு உண்மை தெரியவேண்டும் என்று ஹோமர் நினைக்கிறார். இரவில் தன் அறைக்கு அழைத்துப்போய், படுக்கைக்குப் போகுமுன் என்ன நடக்கும் என்று காட்டுகிறார். தோள்களை அசைத்து வார்களைக் கழற்றுகிறார். கொக்கிகள் கட்டிலில் கிடக்கின்றன. கொக்கிகள் இல்லாதபோது தன்னால் சட்டைப் பொத்தானைப் போட முடியாது, புத்தகம் படிக்க முடியாது, அந்த அறைக்கதவு காற்றில் சாத்திக்கொண்டால் திறந்து வெளியே வர முடியாது, கைக்குழந்தையைப்போல இருக்கிறேன் என்று சொல்கிறார்.

வில்மா அழவில்லை. 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்று மழுப்பவுமில்லை. முழுவதையும் பார்க்கிறாள், கேட்கிறாள். பிறகு அவருடைய சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறாள். அவ்வளவுதான் காட்சி. படத்தில் இருக்கும் எல்லா வசனங்களையும்விட அந்தப் பொத்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஹோமருக்கு இரக்கப்படுகிறவர்கள் ஏராளம். என்ன முடியும், என்ன முடியாது என்று சரியாகத் தெரிந்துகொண்டு, முடியாத இடத்தில் மட்டும் கைகொடுக்கும் ஒருவர்தான் அவருக்குத் தேவை.

சென்ற ஆண்டு, பாடத்தை நடத்தி முடித்தபின், இந்தக் காட்சியையும் ஹோமர் வீட்டு வாசலில் இறங்கும் காட்சியையும் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் திரையிட்டேன். வசனத்தை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை, ஒரு பத்தி எழுதித் தாருங்கள் என்று மட்டும் சொன்னேன். பலரும் ஒரே இடத்தைத்தான் எழுதியிருந்தார்கள். கை போனதைவிட, கதவு சாத்திக்கொண்டால் திறக்க முடியாது என்பதுதான் அவர்களைத் தொட்டிருந்தது.

மறுநாள் இடைவேளையில் ஒரு மாணவி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், நம்ம பாத்ரூம் தாழ்ப்பாளும் அப்படித்தான் டீச்சர். ரெண்டு கையாலயும் இழுத்தாத்தான் வரும்" என்றாள். பிறவியிலேயே ஒரு கை சரியாக இயங்காத அவளுடைய தோழிக்காகச் சொன்னாள். அந்தத் தோழி கழிவறைக் கதவைத் தாழிட்டதே இல்லை. இவள் தினமும் வெளியே காவல் நின்றிருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து நடக்கிறது. அந்தப் பிள்ளை யாரிடமும் வாய்திறந்து சொன்னதில்லை. உதவித்தொகை, தேர்வில் கூடுதல் நேரம் என அவளுக்கு உரியவை எல்லாம் கோப்பில் சரியாகத்தான் இருந்தன.

தலைமையாசிரியரிடம் சொன்னோம். இரண்டு நாளில் பற்றவைப்பவர் ஒருவர் வந்து, சற்றுக் கீழே, ஒரு கையால் தள்ளினாலே விழும் கொண்டி ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். ஒரு கதவுக்கு மட்டும் போட்டால் அது 'அவளுடைய கதவு' ஆகிவிடும் என்று எல்லாக் கதவுகளுக்கும் போடச் சொன்னோம். அது யாருக்காக என்று பள்ளியில் எவருக்கும் அறிவிக்கவில்லை. அடுத்த வாரம் இடைவேளையில் பார்த்தேன். தோழி வாசலில் காவல் நிற்கவில்லை, மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். எண்பது ஆண்டுகளுக்கு முன் எங்கோ எடுத்த ஒரு படம் நம் வகுப்பறைக்கு எதற்கு என்று என்னைக் கேட்டவர்களுக்கு இந்தக் கொண்டியைத்தான் காட்டுகிறேன்.

'எனக்குக் கற்றுக்கொள்ளத் தெரியும்'

ஃப்ரெட்டின் கதைக்கு வருவோம். அவர் வேலை தேடிப் பழைய மருந்துக்கடைக்கே போகிறார். கடை இப்போது ஒரு பெரிய நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பொருள் கொள்முதல் செய்த அனுபவம் உண்டா என்ற வகையில் மேலாளர் கேள்விகள் கேட்கிறார். குண்டு வீசியதுதான் ஃப்ரெட்டின் அனுபவம். வாரத்துக்கு 32.50 டாலர் சம்பளத்தில், முன்பு தனக்கு உதவியாளனாக இருந்தவனுக்குக் கீழே, பழைய வேலைக்கே சேர்கிறார். பணம் குறைந்ததும் மனைவி மேரியின் அன்பும் குறைகிறது. என் வாழ்வின் சிறந்த ஆண்டுகளை உனக்காக வீணாக்கிவிட்டேன் என்று சண்டையில் மேரி சொல்வதிலிருந்துதான் படத்தின் பெயர் வருகிறது. 'சிறந்த ஆண்டுகள்' என்ற சொல்லைப் படம் பெருமிதமாகச் சொல்லவில்லை, ஒரு மனக்குறையின் வாயிலிருந்து எடுத்துவைக்கிறது.

வேலையும் போய், ஊரைவிட்டே கிளம்ப முடிவெடுத்த ஃப்ரெட், விமானத்துக்குக் காத்திருக்கும்போது, பயன்படாமல் ஒதுக்கப்பட்ட போர் விமானங்கள் வரிசை வரிசையாக நிற்கும் மைதானத்தில் நடக்கிறார். அரங்கம் போட்டு எடுத்த காட்சி அல்ல அது. கலிஃபோர்னியாவில் உண்மையாகவே அப்படிக் குவித்து வைத்திருந்த இடத்தில் எடுத்தார்கள். எஞ்சின் கழற்றப்பட்ட ஒரு குண்டுவீச்சு விமானத்துக்குள் ஏறி, முன்பு தான் உட்கார்ந்த மூக்குப் பகுதியில் போய் உட்காருகிறார். நின்ற இடத்திலேயே நிற்கும் விமானம் பறப்பதுபோல் ஒளிப்பதிவும் இசையும் நம்மை உணரவைக்கின்றன. ஃப்ரெட்டின் முகம் வியர்க்கிறது. போர் அவருக்குள் இன்னும் முடியவில்லை.

கீழேயிருந்து ஒருவர் குரல் கொடுத்து இறங்கச் சொல்கிறார். அந்த விமானங்களைப் பிரித்து, வீடு கட்டும் பொருளாக்கும் வேலையின் மேற்பார்வையாளர் அவர். ஃப்ரெட் அவரிடமே வேலை கேட்கிறார். கட்டடவேலை தெரியுமா என்கிறார் அவர். தெரியாது, ஆனால் எனக்குக் கற்றுக்கொள்ளத் தெரியும், மேலே பறந்தபோது அந்த வேலையைக் கற்றுக்கொண்டதுபோலவே இதையும் கற்றுக்கொள்வேன் என்கிறார் ஃப்ரெட். வேலை கிடைக்கிறது.

ஆசிரியர்களாகிய நாம் இந்தப் பதிலில் கொஞ்சம் நிற்கவேண்டும். மருந்துக்கடை மேலாளர் 'உனக்கு என்ன தெரியும்?' என்று கேட்டார். விடை 'ஒன்றுமில்லை' என்றுதான் வந்தது. கேள்விக்குள் அடங்காத திறமை ஒன்று ஃப்ரெட்டிடம் இருந்தது. இடையில் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பும் மாணவனிடம் 'பெருக்கல் வாய்பாடு தெரியுமா, ஆங்கிலம் வாசிப்பாயா' என்று கேட்டால் தலைகுனிந்துதான் நிற்பான். கறிக்கடையில் எடைபோட்டவனாக, பனியன் கம்பெனியில் கணக்கு வைத்தவனாக, தம்பி தங்கையைச் சமைத்துப்போட்டுக் காத்தவனாக அவன் இருந்திருக்கலாம். கற்றுக்கொள்ளத் தெரிந்தவன் என்பதற்கு அதுவே சான்று. நாம் கேட்கும் முதல் கேள்வி எது என்பதைப் பொறுத்து அவன் அடுத்த நாள் வருவதும் வராததும் அமையும்.

கவுண்ட்டரின் இந்தப் பக்கம் இருப்பவர்

படத்தின் பின்னணியில் ஒரு சட்டம் இருக்கிறது. 1944 ஜூன் 22 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட, படைவீரர் மறுவாழ்வுச் சட்டம். 'ஜி.ஐ. பில்' என்பது மக்கள் வழங்கிய பெயர். திரும்பி வந்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், வீட்டுக்கும் தொழிலுக்கும் கடன் உத்தரவாதம், வேலை கிடைக்கும்வரை உதவித்தொகை எனப் பல உதவிகளை அது தந்தது. சுமார் 78 லட்சம் பேர் அதன்மூலம் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கல்லூரிகளுக்குப் போனார்கள். 1947-இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்திருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னாள் படைவீரர்கள். மனைவி, குழந்தை உள்ளவர்கள் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். போருக்குப் பிந்தைய அமெரிக்க வளர்ச்சியில் இந்தச் சட்டத்துக்கு நிறையப் பங்குண்டு.

சட்டம் மட்டும் போதாது என்பதையும் படம் காட்டுகிறது. ஆல் வங்கியில் சிறுகடன் பிரிவுக்குத் துணைத்தலைவராக உயர்த்தப்படுகிறார். நிலம் வாங்கிப் பயிரிட விரும்பும் ஒரு முன்னாள் வீரர் கடன் கேட்டு வருகிறார். அடமானம் வைக்க அவரிடம் எதுவும் இல்லை. ஆல் அவரோடு பேசிப்பார்த்து, அவருடைய உழைப்பை நம்பிக் கடன் கொடுக்கிறார். மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. அரசாங்கம் சட்டம் போட்டுவிட்டது, ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மனிதர் எப்படிப்பட்டவர் என்பதில்தான் அந்தச் சட்டம் உயிர்பெறுகிறது.

படம் பேசாமல் விட்டதையும் சொல்லவேண்டும். அதன் மூன்று நாயகர்களும் வெள்ளையர். போரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின அமெரிக்கர்கள் பணியாற்றினார்கள். சட்டம் எழுத்தளவில் அவர்களுக்கும் உரியதுதான். கடன் கொடுப்பது உள்ளூர் வங்கி, இடம் கொடுப்பது அந்தந்தக் கல்லூரி என்று இருந்ததால், நிறப்பாகுபாடு நிலவிய இடங்களில் அந்த உரிமை பெருமளவு அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை. ஆலின் மேசை முன்னால் ஒரு கறுப்பின வீரர் உட்கார்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று மாணவர்களிடம் கேட்கலாம். படத்தைப் பாராட்டுவதோடு அதைக் கேள்வி கேட்கவும் அவர்கள் பழகவேண்டும்.

படத்தில் ஓர் ஆசிரியரும் வருகிறார், திரையில் அல்ல, பேச்சில். ஆல் தன் மகன் ராபுக்கு ஜப்பானிய வாளையும் கொடியையும் பரிசாகக் கொண்டுவருகிறார். மகனோ ஹிரோஷிமாவில் உயிர்தப்பியவர்களிடம் கதிரியக்கத்தின் விளைவுகளைப் பார்த்தீர்களா என்று கேட்கிறான். அணு ஆற்றலைப் பற்றிப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். மனித இனம் சேர்ந்து வாழ வழி கண்டாக வேண்டும், இல்லாவிட்டால் அழிவுதான் என்பது அவர் சொன்னதன் பொருள். வெற்றிபெற்று வந்த அப்பாவிடம் பதில் இல்லை. வகுப்பறையில் நாம் ஒருநாள் சொன்ன ஒரு செய்தி, பிள்ளைகளின் வாய்வழியாக வீட்டுக்குள் போய், பெரியவர்களையும் யோசிக்கவைக்கிறது. பெயர் மட்டும் வந்துபோகும் அந்த ஆசிரியரை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

பின்னால் நடப்பதையும் பார்க்கும் கண்

ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 'சிட்டிசன் கேன்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒரே தெளிவோடு தெரியும்படி எடுப்பதில் வல்லவர். பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸான் விரிவாக எழுதிய காட்சி ஒன்று இந்தப் படத்தில் உண்டு. மதுக்கடையில் முன்னால் ஹோமரும் புட்ச் மாமாவும் பியானோ வாசிக்கிறார்கள். கொக்கியால் வாசிக்கும் மகிழ்ச்சி, சுற்றி நிற்பவர்களின் சிரிப்பு. திரையின் கடைசியில், தொலைவில், சிறிய தொலைபேசிக் கூண்டுக்குள் ஃப்ரெட் நின்று பேசிக்கொண்டிருக்கிறார். ஆலின் மகள் பெக்கியோடு தனக்கிருந்த காதலை முறித்துக்கொள்ளும் பேச்சு அது. நமக்கு அவர் குரல் கேட்காது. ஆல் பியானோவின் அருகே நின்றபடி அடிக்கடி அந்தக் கூண்டைத் திரும்பிப் பார்க்கிறார். கேமரா நகர்வதில்லை, 'அங்கே பார்' என்று நமக்குச் சுட்டிக்காட்டுவதும் இல்லை. நாமாகத்தான் பார்க்கவேண்டும்.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் முன்வரிசையில் எப்போதும் ஒரு பியானோ வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். கை தூக்குகிறவர், பதில் சொல்கிறவர், சேட்டை செய்கிறவர் என்று நம் கவனம் அங்கேயே நிற்கும். கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை குரல் கேட்காத கூண்டுக்குள் இருக்கும். ஆல் செய்ததுபோல, முன்னால் நடப்பதை ரசித்துக்கொண்டே பின்னாலும் பார்ப்பது நம் தொழிலின் ஒரு பகுதி.

திரையிட விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள். படம் முழுவதையும் மாணவர்களுக்குக் காட்டத் தேவையில்லை. நீளம் அதிகம், மது அருந்தும் காட்சிகளும் நிறைய. ஹோமர் வீடு திரும்புதல், ஹோமரும் வில்மாவும் பேசும் இரவு, ஃப்ரெட் விமானத்துக்குள் ஏறுதல் ஆகிய மூன்று காட்சிகளை எடுத்துக்கொண்டால் ஒரு பாடவேளைக்குள் முடிக்கலாம். வகுப்பில் மாற்றுத்திறன் கொண்ட மாணவரோ அண்மையில் இழப்பைச் சந்தித்த மாணவரோ இருந்தால், காட்டுவதற்கு முன் அவரிடம் தனியாகப் பேசி, அவருடைய விருப்பத்தைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். படம் முடிந்ததும் நீதி சொல்லாதீர்கள். எழுதச் சொல்லுங்கள், வாசியுங்கள், எழுதியவர் பெயரை வகுப்பில் சொல்லாதீர்கள்.

ஹெரால்டு ரஸ்ஸலுக்குப் பிறகு என்ன நடந்தது என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். 1947-இல் நடந்த ஆஸ்கார் விழாவில் படம் ஏழு விருதுகளைப் போட்டியில் வென்றது. சிறந்த துணைநடிகர் விருது ரஸ்ஸலுக்கு. சக வீரர்களுக்கு நம்பிக்கை ஊட்டியதற்காகச் சிறப்பு விருது ஒன்றும் அன்றே அவருக்குக் கிடைத்தது. ஒரே பாத்திரத்துக்காக இரண்டு ஆஸ்கார் பெற்றவர் அவர் ஒருவர்தான். அதன்பின் வைலரின் அறிவுரைப்படி நடிப்பைத் தொடராமல், பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். பின்னாளில் முன்னாள் படைவீரர் சங்கத்தின் தலைவராகவும், மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்புக்கான அமெரிக்க அதிபர் குழுவின் தலைவராகவும் பல ஆண்டுகள் உழைத்தார். 2002-இல் காலமானார். கைகளை இழந்தவர் என்ற அடையாளத்தோடு திரைக்கு வந்தவர், மற்றவர்களுக்கு வேலை கேட்டுக் கொடுத்தவராக வாழ்ந்து முடித்தார்.

படத்தின் முடிவில் ஹோமருக்கும் வில்மாவுக்கும் திருமணம். மோதிரத்தைக் கொக்கியால் எடுத்து அவள் விரலில் போடும்போது அறை முழுவதும் மூச்சடக்கிப் பார்க்கிறது. படம் தொடங்கியபோது ஊர் பார்த்த அதே கொக்கிகள்தான். இப்போது யாரும் பார்வையைத் திருப்பவில்லை, யார் முகத்திலும் இரக்கம் இல்லை. கொக்கிகள் மாறவில்லை, பார்ப்பவர்கள் மாறியிருக்கிறார்கள்.

இந்தக் கல்வியாண்டிலும் நம் ஒவ்வொருவர் வகுப்புக்கும் யாராவது ஒருவர் திரும்பி வருவார். அவர் வந்த முதல் வாரத்தில் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். அவரால் தனியாகச் செய்யமுடியாதது எது என்று அவரிடமே கேளுங்கள். அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேளுங்கள். பள்ளியில் அவருக்குத் திறக்காத கதவு எது என்று ஒருமுறை நடந்து பாருங்கள்.